நெப்டியூனுக்குள் நின்ற தண்ணீர்

ஒரு திங்கட்கிழமை பின்னேரம், மரப்பெட்டிக்குள் சாமானைச் சுற்றியிருந்த ஈர ரிஷூ பேப்பரைக் கசக்கிக் குப்பை வாளியின் அடியில் செருகினேன். இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான். புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் முன்னேறிய கதையைக் கேட்கிறார்கள். அந்தக் கதை வேறு ஆட்களிடம் நிறையவே இருக்கிறது. நான் இதைச் சொல்கிறேன்.

1. கழுவு, கவிழ், காய விடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் ஒரு பழைய செங்கல் கட்டடம். கீழே உணவகம், மேலே உடைந்த பீங்கானும் மண்பாண்டமும் ஒட்டித் திருத்தும் பட்டறை. கீழே நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மேலே முதலாளி ஹெலன். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்குக் கிட்ட. கட்டை முடி, பேச்சும் கட்டை. மத்தியானம் சூப் குடிக்கக் கீழே வருகிற ஹெலன் ஒருநாள் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "ஆறுதலாக் கழுவத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அடுத்த திங்கள் மேல்மாடிக்குப் போய்விட்டேன்.

ஹெலன் பேசியது இங்கிலிஷ். எனக்கு நினைவில் இருப்பது தமிழில், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். அவருடைய 'யூ' நீயா, நீரா, நீங்களா என்று எனக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. கோபத்தில் நீ, மற்ற வேளைகளில் நீர் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். என் பெயர் சபாநாதன். அவர் முன்பாதியை விட்டுவிட்டு 'நேதன்' என்றார். அதற்கும் தலையாட்டினேன். அந்த நாட்களில் நான் எதற்கும் தலையாட்டினேன்.

பட்டறையில் மூன்றாவது ஆள் மனுவல். போர்த்துக்கீசன், ஐம்பது தாண்டியவர். சாமான்களைப் பெட்டியில் அடைப்பதும் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர் வேலை. இடுப்பு நோவோடு நாள் முழுக்கப் பாட்டுப் பாடுவார்.

என் வேலை கழுவுவது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு சோப், மிருதுவான பிரஷ். அங்கே வந்தவற்றில் பாதி பழைய இங்கிலிஷ் மண் உருவங்கள். மேலே கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சூளையில் சுட்டவை, உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கோறை. சுடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்காக முதுகுப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு துளை விட்டிருப்பார்கள். கழுவும்போது அந்தத் துளையால் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆகவே கழுவிய பிறகு ஒவ்வொன்றையும் ஸ்பொஞ்சில் வெட்டிய குழியில் தலைகீழாக ஓர் இரவு நிறுத்த வேண்டும். ஹெலன் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்: கழுவு, கவிழ், காய விடு.

நான் நாய்களைக் கவிழ்த்தேன். மாடுகளை, ஆட்டுக்குட்டியோடு நிற்கும் இடையர்களை, தொப்பிபோட்ட குடிகாரன் வடிவில் செய்த சாடிகளை எல்லாம் கவிழ்த்தேன். எட்டு மாதத்தில் ஒரு முறைப்பாடும் இல்லை.

2. ஐந்து பேர்

ஜனவரியில் மிசிஸ் லோரிமர் என்ற வயதான பெண்மணியின் வீட்டிலிருந்து ஐந்து உருவங்கள் வந்தன. அவர் வீட்டுப் புகைபோக்கி அடைத்து, நெருப்பு மூட்டும் இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் கரி பிடித்திருந்தது. ஒவ்வொன்றும் ஒன்றேகால் சாண் உயரம். சட்டி அடியைப் போலக் கறுப்பு. ஆண் எது பெண் எது என்றுகூடத் தெரியவில்லை.

முதலாவதைத் தண்ணீரில் வைத்துத் தோளில் பிரஷ்ஷை ஓட்டினேன். கரி விலகியது. கீழே பச்சை.

அந்தப் பச்சையைச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் எழுத்தாளனாகப் போயிருப்பேன். பெயின்ற் அடித்த பச்சை இல்லை. கண்ணாடிக்குள்ளே கிடந்த பச்சை. தோளில் மெல்லியதாகத் தொடங்கி, சால்வை மடிப்புகளில் வழிந்து இறங்கி, பள்ளமான இடங்களில் தேங்கி, அங்கே கிட்டத்தட்டக் கறுப்பாக நின்றது. சால்வை விலகிய இடத்தில் பாலாடை நிறத்தில் உடம்பு. பக்கத்தில் மரப்பட்டை நிறம், மழைமேக நிறம். சூளையில் உருகி ஓடிய கிளேஸ், நெருப்பு நிறுத்திய இடத்தில் நின்றிருந்தது. மனுவலைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்.

பிறகு காலடியைக் கழுவினேன். ஒரு பறவை, நீண்ட தோகை. மயில்.

அடுத்த உருவத்தின் காலடியில் கழுகு. மற்றதன் கையில் யாழ் மாதிரி ஒன்று. இன்னொரு பெண்ணின் பக்கத்தில் சிறகு வைத்த குழந்தை. கடைசியாகத் தாடிக்காரர் ஒருவர், ஒரு காலை மீனின் தலையில் ஊன்றி நின்றார். அவருடைய மூடிய கைக்குள் துளை இருந்தது, ஏதோ ஆயுதம் பிடித்த கை. ஆயுதம் எப்போதோ தொலைந்துபோயிருந்தது.

கையில் ஆயுதம், காலடியில் வாகனம். இது எனக்குத் தெரிந்த கணக்கு. ஹெலனிடம், "இவை ஆர்?" என்று கேட்டேன்.

"கடவுள்கள்," என்றார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "மயிலோட நிக்கிறது ஜூனோ. கழுகு ஜுபிற்றர். யாழ் அப்பலோ. பிள்ளையோட வீனஸ். தாடிக்காரர் நெப்டியூன், கடலுக்குப் பொறுப்பு. இங்கிலாந்திலை செய்தது. இருநூறு வருசத்துக்கு மேலை இருக்கும்."

அதற்குப் பிறகு என் கை வேறு மாதிரி வேலை செய்தது. காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கழுவினேன். மத்தியானம் மீன் சான்விச் சாப்பிட்ட கையைச் சோப் போட்டு இரண்டு தரம் கழுவிய பிறகுதான் மறுபடி தொட்டேன். மனுவல் என் காலுறையைப் பார்த்துச் சிரித்தார். ஊரில் நான் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை, திருவிழாவுக்குக் கடலை வாங்கப் போன ஆள்தான். ஆனால் கண் முன்னால் ஐந்து பேர் குளித்துவிட்டு நிற்கும்போது மனம் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் கழுவி முடிந்தது. ஹெலன் பல் டொக்டரிடம் போயிருந்தார். போகும்போது, "ஐஞ்சையும் கவிட்டுவிடும்," என்று சொன்னார். ஓம் என்று தலையாட்டினேன். ஸ்பொஞ்சை எடுத்து வைத்தேன். ஜுபிற்றரைத் தூக்கி, அரைவாசி சரித்தேன். முகம் கீழே போய்க் கால் மேலே வந்தபோது என்னால் முடியவில்லை. ஐந்து பேரையும் ஹீற்றருக்குப் பக்கத்தில் துவாய் விரித்து அதில் நேராக நிறுத்தினேன். வெள்ளி காலையில் தொட்டுப் பார்த்தேன், வெளியே நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று என்னையே பேய்க்காட்டிக்கொண்டு, ரிஷூ பேப்பரில் சுற்றி மனுவலிடம் கொடுத்தேன்.

3. குப்பை வாளி

வெள்ளி பின்னேரம் பனி கொட்டியது. மிசிஸ் லோரிமர் வீட்டுப் பாதை மூடிவிட்டது. மனுவல் பாதி வழியில் திரும்பி வந்து, இடுப்பு நோவோடு பெட்டியை மாடிக்குத் தூக்க முடியாமல், வானிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சனியும் ஞாயிறும் வெளியே நின்றால் மூக்கு விறைத்துவிடும் குளிர். திங்கள் காலை அவர் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார், அது வானில் கிடந்ததை என்னிடம் மட்டும் சொன்னார். சூடு ஏறும்வரை திறக்க வேண்டாம் என்று ஹெலன் சொன்னார். பின்னேரம் நான் திறந்தேன்.

நான்கு பேர் முழுதாக இருந்தார்கள். நெப்டியூன் மார்பிலிருந்து பீடம்வரை பிளந்து, இரண்டு பெரிய துண்டும் மூன்று சின்னத் துண்டுமாகக் கிடந்தார். சுற்றியிருந்த ரிஷூ பேப்பர் நனைந்திருந்தது.

அந்த ஈரத்தைத் தொட்டவுடனே எல்லாம் விளங்கிவிட்டது. மற்றவர்களின் துளை இடுப்புக்குக் கீழே. நெப்டியூனின் துளை மட்டும் தோளுக்குப் பின்னால், உயரத்தில். கிட்டத்தட்ட முழு உடம்பிலும் தண்ணீர் நின்றிருக்கிறது. அது வானுக்குள் உறைந்து, பெருத்து, அவரைப் பிளந்திருக்கிறது. கடலுக்குப் பொறுப்பானவருக்குத் தண்ணீரில் கண்டம். அதை வைத்தவன் நான்.

ஹெலன் மற்ற அறையில் ரெலிபோனில் இருந்தார். பேப்பரைக் கசக்கி வாளியின் அடியில் செருகினேன். பிறகுதான் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் துண்டுகளைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் நின்றார். பிறகு மனுவலைக் கூப்பிட்டு, "எங்கை கீழை போட்டனீ?" என்றார்.

"நான் போடேல்லை. வானிலை விட்டது பிழைதான். ஆனா நான் போடேல்லை."

"காய்ஞ்ச சாமான் குளிருக்குப் பிளக்காது, மனுவல். போட்டாத்தான் பிளக்கும். வானிலை விட்டதையும் சொல்லேல்லை, போட்டதையும் சொல்லேல்லை. நாளைக்கு வந்து உன்ர சாமானை எடுத்துக்கொண்டு போ."

மனுவல் என்னைப் பார்த்தார். சாட்சிக்குத்தான் பார்த்தார், சந்தேகத்தோடு அல்ல. நான் ஸ்பொஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல வேண்டும். என் மனைவி கமலாவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு, நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளியின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருவதாக ஹெலன் சொல்லியிருந்தார். இன்னும் ஓர் இரவுதான் இருந்தது.

மோர்னிங்சைட் பகுதியில் நான் வாடகைக்கு இருந்த நிலத்தடி பேஸ்மென்றில் என்னோடு சிவராசா அண்ணை இருந்தார். பேக்கரியில் வேலை. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சோற்றைக் குழைத்தபடியே கேட்டார்.

"நீ பேசாமல் இரு. அவன் இங்கத்தைச் சிற்றிசன், இன்னொரு வேலை எடுப்பான். உனக்கு உந்தக் கடிதம் போனால் உன்ர பெஞ்சாதி பிள்ளை அங்கையே கிடக்க வேண்டியதுதான். கடிதம் கையிலை வரட்டும். பிறகு போய் அரிச்சந்திரன் வேசம் போடு."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தேன்.

"கடிதம் எழுதியாச்சோ?" என்றாள் கமலா.

"நாளைக்கு."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீங்கள்?"

ஒன்றுமில்லை என்றேன். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் அவள் 'என்ன நடந்தது' என்று கேட்கவில்லை. 'என்ன செய்தனீங்கள்' என்றுதான் கேட்டாள். அன்று படுத்தேன், நித்திரை வரவில்லை.

4. ஜுபிற்றர் தலைகீழாக

செவ்வாய் காலை மனுவல் தன் லொக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். பாட்டு இல்லை. ஹெலனின் மேசையில் என் கடிதம் ரைப் செய்யப்பட்டுக் கிடந்தது, பக்கத்தில் பேனை. அவர் பேனையை எடுத்தார்.

"பொறுங்கோ," என்றேன். "மனுவல் போடேல்லை. நான் கவிட்டு வைக்கேல்லை. உள்ளுக்குத் தண்ணி நிண்டது."

ஹெலன் நம்பவில்லை. "நீர் எப்பவும் கவிட்டு வைக்கிறனீர். அவனைக் காப்பாத்தப் பாக்கிறீர்."

ஈர பேப்பர் இருந்திருந்தால் காட்டியிருப்பேன். குப்பை ஏற்கனவே போய்விட்டது. வேறு வழி இருக்கவில்லை. அலமாரியில் நின்ற ஜுபிற்றரை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கையாலும் பிடித்து, மெல்லச் சரித்து, தலை கீழே வரத் திருப்பினேன். கழுகு மேலே வந்தது. அவருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சொட்டுச் சத்தம் கேட்டது. ஹெலனின் மேசையில், என் கடிதத்தின் ஓரத்தில், கலங்கல் தண்ணீர் ஒரு தேத்தண்ணிக் கரண்டி அளவு ஊற்றியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஐஞ்சும் இப்பிடியோ?" என்றார் ஹெலன்.

"ஓம்."

"நாயைக் கவிட்டனீ. இடையனைக் கவிட்டனீ. இவையை மட்டும் ஏன் விட்டனீ?"

"இவை கடவுள்."

"உன்ர கடவுள் இல்லையே."

"ஆரோ கும்பிட்ட கடவுள்தானே."

ஹெலன் மேசையில் நின்ற தண்ணீரைத் துணியால் ஒற்றினார். பிறகு, "இல்லை, நேதன்," என்றார். "இவையை ஒருத்தரும் கும்பிடேல்லை. செய்தவை, வாங்கினவை எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போன சனம். ரோமிலை இவையைக் கும்பிட்டவை செத்து ஆயிரத்துச் சொச்ச வருசத்துக்குப் பிறகு, இங்கிலாந்துக்காரன் வீட்டுக்கு வடிவா இருக்கட்டும் எண்டு செய்தது."

நான் திகைத்துப்போனேன். ஒரு விளக்கு இல்லை, ஒரு பூ இல்லை, ஒருவரும் ஒன்றையும் கேட்டு அழவில்லை. அப்படியிருந்தும் ஒருவன் இவ்வளவு கவனமாகத் தோகையை ஒவ்வொரு கண்ணாகக் கீறி, இவ்வளவு பச்சையை ஊற்றி, சூளையில் வைத்துக் காத்திருந்திருக்கிறான்.

மனுவல் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்கட ஊரிலை பெட்டையளுக்குக் கலியாணம் சரிவராட்டி அந்தோனியார் சிலையைத் தலைகீழா நிப்பாட்டுவினம். மாப்பிள்ளை வந்தாப் பிறகுதான் நிமித்துறது. என்ர மனுசியும் நிப்பாட்டினவள்."

"வேலை செய்ததோ?" என்றார் ஹெலன்.

"நான்தானே வந்தன்."

ஹெலன் சிரித்துவிட்டார். ஆனால் அதோடு முடியவில்லை. மனுவலிடம் மன்னிப்புக் கேட்டார், வானில் விட்டதற்கு மறுபடி ஏசினார், லொக்கரில் சாமானைத் திரும்ப வைக்கச் சொன்னார். பிறகு நெப்டியூனின் பெரிய துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "நீ பிளந்ததை நீயே பார்."

உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே கிளேஸ் இல்லை, வெறும் மண். மண்ணில் பெருவிரல் அடையாளங்கள். அச்சுக்குள் களிமண்ணை அழுத்தியவனின் விரல், வரிசை வரிசையாக, மார்பிலிருந்து கீழே இறங்கியிருந்தது. ரேகை தெரிந்தது. சூளையில் சுட்ட நாள் முதல் அந்த இடத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஹெலனும் முதல்தரம் பார்க்கிறார். என் பெருவிரலை அதில் வைத்தேன். சரியாகப் பொருந்தவில்லை, அவனுடையது சின்னது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளி காலையில் வந்து, கடவுளின் நெஞ்சை உள்ளேயிருந்து அழுத்திவிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போயிருக்கிறான். எனக்குக் கண் கலங்கியது. கோயிலில் நான் அப்படி நின்றதில்லை.

"கவிட்டு வைக்க ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம்," என்றார் ஹெலன். "துளையை மெழுகாலை அடைச்சுப்போட்டுக் கழுவியிருப்பம். தண்ணியே உள்ளுக்குப் போயிராது. ஒரு நிமிச வேலை."

ஒரு நிமிடம். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

5. கடிதம்

நனைந்த கடிதத்தை ஹெலன் கிழித்துப் போட்டார். நான் கேட்கவில்லை, கேட்க முகமும் இல்லை. அவர் என் முன்னாலேயே மிசிஸ் லோரிமருக்குப் போன் எடுத்து, உள்ளது உள்ளபடி சொன்னார். ஆர் ஒட்டப் போகிறார் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

"உடைச்சவர்தான்," என்றார் ஹெலன்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு சாமானோடும் ஒரு தாள் போகும். எங்கே வெடிப்பு, எப்போது ஒட்டியது, ஏன் உடைந்தது எல்லாம் அதில் இருக்கும். சாமான் எந்த வீட்டுக்குப் போனாலும் தாளும் கூடப் போகும். நெப்டியூனின் தாளை என்னையே எழுத வைத்தார். பட்டறையில் தண்ணீர் உள்ளே நின்று உறைந்ததால் பிளந்தது, கழுவியவர் கவிழ்த்து வைக்கவில்லை என்று எழுதி, முழுப்பெயரையும் போட்டேன். இங்கிலிஷில் நான் சுயமாக எழுதிய முதல் பந்தி அது.

ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், பிடித்தது. ஹெலன் பக்கத்தில் இருந்து காட்டினார், நான் ஒட்டினேன். பாரம் ஒட்டிய மூட்டில் இறங்குவதற்காக நெப்டியூனைத் தலைகீழாக மணலில் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினேன். விரல் அடையாளத்தை மூடுமுன் கடைசியாக ஒருதரம் பார்த்தேன்.

நெப்டியூன் வீட்டுக்குப் போன அன்று ஹெலன் புதுக் கடிதம் தந்தார். வேலை, பதவி, எவ்வளவு காலம் என்று வழக்கமான வரிகள். கடைசியில் ஒன்று கூடுதலாக இருந்தது: இவர் ஒரு பொருளை உடைத்தால் வந்து சொல்லிவிடுவார். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றார்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். செய்ய மனம் வராத வேலை என்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்கு முதலாளி முன்னால் தலை தானாக ஆடும். ஆட்டிவிட்டு, பின்னால் போய் எங்கள் எண்ணப்படி செய்வோம். என் பக்தி நெப்டியூனை உடைக்கவில்லை. அந்தத் தலையாட்டல்தான் உடைத்தது. உடைந்த பிறகும் சொல்லலாம். ஆனால் அப்போது இன்னொருவனின் லொக்கர் காலியாகத் தொடங்கியிருக்கும்.

கமலாவுக்கு எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினேன். விசாவுக்கான நேர்முகத்துக்கு அவள் போனபோது அதிகாரி ஹெலனின் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்கட கணவர் என்னத்தை உடைச்சவர்?" என்று கேட்டாராம்.

"ஒரு கடவுளை, சேர்."

அதிகாரி பேனையை வைத்துவிட்டு, முழுக்கச் சொல்லுங்கள் என்றாராம். நான் சப்பாத்தைக் கழற்றியதிலிருந்து தொடங்கி அவள் சொல்லியிருக்கிறாள். போனில் இதைக் கேட்டதும் இடைமறித்தேன்.

"குப்பை வாளியையுமோ சொன்னனீர்?"

"முழுக்கச் சொல்லச் சொன்னவர்," என்றாள்.

அந்தக் கோடையில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். மனுவலின் வானில்தான் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம்.